மாணவர் திகில் குறும்படத்துக்கு டைட்டில் வடிவமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரத்தம் சொட்டும் எழுத்துரு ஒன்றைத் தரவிறக்கி, கருப்புப் பின்னணியில் சிவப்பாகப் போட்டு, கடைசியில் ஒரு இடிச்சத்தம். மாணவர் திகில் படங்கள் பல இப்படித்தான் தொடங்குகின்றன. பார்ப்பவர் பயப்படுவதில்லை, 'ஓ, பேய்ப்படமா' என்று வகைப்படுத்திவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார். டைட்டிலில் பயத்தை உண்டாக்குவது பெரும்பாலும் நேரம்தான்: அடுத்த பெயர் எப்போது வரும், எவ்வளவு தாமதமாக வரும், வருவதற்கு முன் என்ன கேட்கும் என்பவை. எழுத்தின் தோற்றம் அதற்கு அடுத்த வேலை. ஆகவே இங்கே நேரம் முதலில் வருகிறது, மென்பொருள் பிற்பாடு வருகிறது.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைப் படத்தை வைத்துக்கொள்வோம். பெயர் 'தாழ்ப்பாள்'. 10 நிமிடம், இரண்டு நடிகர்கள், இரவில் தானாக விலகும் ஒரு கதவுத் தாழ்ப்பாள்.

1. பெயர்ப் பட்டியலைப் பூட்டுங்கள்

அலுப்பான வேலை, ஆனால் இதைத் தள்ளிப்போட்டால் ரெண்டர் (இறுதி வீடியோக் கோப்பை உருவாக்குவது) முடிந்த இரவில் 'என் இனிஷியல் தப்பு' என்று அழைப்பு வரும். ஒவ்வொருவரிடமும் அவர் பெயர் திரையில் எப்படி வரவேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்: முன்னெழுத்து உண்டா, புள்ளி உண்டா, க்-ச் மிகுமா. அந்தப் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். கையால் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம்.

வழக்கமான வரிசை இது: வழங்குவோர், முக்கிய நடிகர்கள், படத்தின் பெயர், மற்ற நடிகர்கள், ஒப்பனை, கலை, ஒலி, இசை, படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, தயாரிப்பு, கடைசியாக எழுத்து-இயக்கம். 10 நிமிடப் படத்தில் இத்தனையையும் முன்னால் போட்டால் கதை தொடங்கும் முன்பே பார்ப்பவர் களைத்துவிடுவார். முன்னால் 6 அல்லது 7 கார்டு (திரையில் ஒருசேரத் தோன்றும் எழுத்துத் தொகுதி) போதும். மற்றவை படம் முடிந்த பிறகு வரட்டும். திகில் குறும்படத்தில் படத்தின் பெயரை வரிசையின் கடைசிக்குத் தள்ளி, அதற்கு முந்தைய கார்டில் இயக்குநர் பெயரைப் போடுவது நல்லது. பெயர் விழுந்ததும் நேரே முதல் காட்சிக்குப் போய்விடலாம்.

2. நேர வரைபடம்

எடிட்டிங் மென்பொருளில் வெறும் கருப்புத் திரை, அதன்மேல் எந்த அலங்காரமும் இல்லாத வெள்ளை எழுத்து, தற்காலிகமாக ஒரு ஒலி. இவ்வளவை வைத்தே முழு டைட்டிலையும் ஒருமுறை கட்டிவிடுங்கள். இந்த நிலையிலேயே ஒரு சிறு நெருடல் வரவில்லை என்றால், மேலே எத்தனை கீறல் போட்டாலும் வராது.

ஒரு கார்டு எவ்வளவு நேரம் நிற்கவேண்டும்? அதை இயல்பான வேகத்தில் இரண்டுமுறை வாய்விட்டுப் படியுங்கள்; அதுதான் அளவு. பொறுப்பும் ஒரு பெயரும் உள்ள கார்டுக்குக் குறைந்தது 2.5 நொடி, இரண்டு பெயர் உள்ளதற்கு 3.5 நொடி. எழுத்து மெல்லத் தோன்றும் நேரத்தை இதில் சேர்க்கக்கூடாது. முழுதாகத் தெரியும் நேரம் மட்டுமே கணக்கு.

'தாழ்ப்பாள்' படத்துக்கு ஒரு வரைபடம்:

0 முதல் 3 நொடி: கருப்பு. 2ஆம் நொடியில் தூரத்தில் ஒரு உலோக உரசல்.
3 முதல் 13.5 நொடி: மூன்று கார்டுகள். ஒவ்வொன்றும் 2.5 நொடி, பின் 1 நொடி இருள்.
13.5 முதல் 15.5 நொடி: வரவேண்டிய நான்காவது கார்டு வரவில்லை. இருள் தொடர்கிறது.
15.5 முதல் 18 நொடி: நான்காவது கார்டு.
18 நொடி 16 ஃப்ரேமில்: ஐந்தாவது கார்டு, எதிர்பார்த்ததைவிட 8 ஃப்ரேம் முன்னதாக.
22 முதல் 24.5 நொடி: இயக்குநர் பெயர்.
24.5 முதல் 28 நொடி: எழுத்தே இல்லை. தாழ்ப்பாளின் மிக நெருக்கமான காட்சி மட்டும்.
28 முதல் 33 நொடி: படத்தின் பெயர்.

இது நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனிப் படங்கள், ஓடும் வேகத்துக்கான கணக்கு. சூத்திரம் எளிது. ஒரே இடைவெளியில் மூன்று கார்டு வந்தால் பார்ப்பவரின் மனம் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நான்காவதை அது தானாகவே எதிர்பார்க்கும். அங்கே தாளத்தை உடைக்கவேண்டும். ஒருமுறை தாமதம், ஒருமுறை அவசரம், அவ்வளவுதான். ஒவ்வொரு கார்டுக்கும் வேறு வேறு இடைவெளி கொடுத்தால் எதிர்பார்ப்பே உருவாகாது, உடைக்கவும் எதுவும் இருக்காது.

தோன்றும் விதமும் மறையும் விதமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. 10 ஃப்ரேமில் மெல்லத் தோன்றி, ஒரே ஃப்ரேமில் வெட்டென்று காணாமல் போகும் எழுத்து, கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடுங்கப்பட்ட உணர்வைத் தரும். இரண்டு பக்கமும் மென்மையாக ஃபேடு செய்தால் அது கல்யாண வீடியோவின் சாயலுக்குப் போய்விடும்.

மொத்தம் 35 நொடியைத் தாண்டாதிருப்பது நல்லது. 5 நிமிடப் படமென்றால் படப்பெயர் மட்டும் முன்னால், மற்றதெல்லாம் பின்னால்.

3. எழுத்துரு: தமிழுக்கே உரிய சிக்கல்கள்

ஆங்கில டைட்டில் பாடங்களைப் பார்த்து வேலை செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

முதலாவது, உயிர்மெய் உடைவது. சில மென்பொருள்களில் 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் என்று சிதறும், அல்லது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவில் குறையில்லை, மென்பொருளின் உரை இயந்திரம் இந்திய எழுத்துகளுக்கு அமைக்கப்படவில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிரீமியர் ப்ரோ இரண்டின் சில பதிப்புகளில் ப்ரிஃபரன்ஸஸ் பகுதியில் உரை இயந்திரத்தைத் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கு மாற்றும் வசதி உண்டு. மாற்றிய பிறகு புதிதாக ஒரு உரை லேயரை (அடுக்கை) உருவாக்கிச் சோதியுங்கள். எந்த மென்பொருளிலும் சரிவரவில்லை என்றால் இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தட்டி, பாதையாக (எழுத்தை வெறும் வடிவக் கோடுகளாக) மாற்றி, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக எடுத்துக்கொண்டு வாருங்கள். டைட்டிலுக்கு 7 கார்டுதானே, பெரிய சுமையில்லை.

இரண்டாவது, எழுத்து இடைவெளி. திகில் டைட்டிலில் எழுத்துகளை அகலமாகப் பிரித்து வைப்பது பழைய உத்தி. ரோமன் பெரிய எழுத்துகளுக்கு அது அழகாக அமையும். தமிழில் பல மென்பொருள்கள் 'த'வுக்கும் துணைக்காலுக்கும் நடுவிலும் இடைவெளியைப் புகுத்தும். கால் தள்ளிப்போனால் அது 'ர' போலத் தெரியும். 'தா' என்பது 'தர' ஆகிவிடும். எழுத்தளவில் 3 முதல் 6 விழுக்காடு வரை பிரிப்பது பாதுகாப்பு. அதற்குமேல் வேண்டுமென்றால் எழுத்துகளைப் பாதையாக மாற்றி, ஒவ்வொரு உயிர்மெய்யையும் ஒரு குழுவாகக் கட்டி, கையால் நகர்த்துங்கள்.

மூன்றாவது, எழுத்தெழுத்தாக அசைப்பது. 'தாழ்ப்பாள்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து: தா, ழ், ப், பா, ள். கணினியின் கணக்கில் யூனிகோட் குறியீடுகள் பத்து. எழுத்து வாரியாகத் தோன்றச் செய்யும் தயார்நிலை அனிமேஷனைப் போட்டால் முதலில் 'த' வந்து, பிறகு தனியாகக் கால் வந்து, 'ழ' வந்து, பிறகு புள்ளி குதிக்கும் ஆபத்து உண்டு. பார்ப்பவர் சிரிப்பார். இங்கேயும் தீர்வு அதேதான்: பாதையாக மாற்றி ஐந்து குழுவாகக் கட்டுவது.

நான்காவது, புள்ளி. எழுத்தை அரித்ததுபோல் காட்டும் எஃபெக்ட் எதைப் போட்டாலும் முதலில் அழிவது மெய்யெழுத்தின் புள்ளிதான். மூன்று புள்ளியும் போனால் படத்தின் பெயர் 'தாழபபாள' ஆகிவிடும். அரிப்பு போடும்போது புள்ளிகளைத் தனி லேயரில் வைத்து, அவற்றுக்கு எஃபெக்ட்டின் அளவைப் பாதியாகக் குறையுங்கள். புள்ளி இருப்பதைத் தொல்லையாகப் பார்க்கவும் வேண்டியதில்லை. எல்லா எழுத்தும் வந்துவிட்டு, கடைசிப் புள்ளி மட்டும் 20 ஃப்ரேம் கழித்து, தாழ்ப்பாள் விழும் சத்தத்தோடு வந்து அமர்ந்தால்? ரோமன் பெரிய எழுத்தில் செய்ய முடியாத காரியம் அது.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது தயாரான 'பேய்' எழுத்துருக்களைத் தவிர்க்கச் சொல்வதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அவற்றில் ஒரே எழுத்து எத்தனைமுறை வந்தாலும் ஒரே கீறல்தான் இருக்கும். 'தாழ்ப்பாள்' என்பதில் இரண்டு 'ப' பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. இரண்டிலும் அதே இடத்தில் அதே விரிசல் தெரிந்தால் அது அச்சு என்று கண் கண்டுபிடித்துவிடும். சாதாரணமான, சுத்தமான எழுத்துருவை எடுத்து நீங்களே கெடுப்பதுதான் வழி. நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, காட்டமரான், முக்தா மலர் போன்றவை எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. படத்தில் பயன்படுத்தத் தடையில்லை. 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்று போட்டிருக்கும் எழுத்துருவைத் தொடாதீர்கள். திரைப்பட விழாவுக்கு அனுப்பும்போது அது தனிப்பட்ட பயன்பாடு ஆகாது.

அளவு, 1920க்கு 1080 திரையில்: பொறுப்புக்கு 30 பிக்சல், பெயருக்கு 48 முதல் 60, படப்பெயருக்கு 160 முதல் 220. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாததால் பொறுப்பையும் பெயரையும் அளவாலும் தடிமனாலும் மட்டுமே பிரிக்கமுடியும். ஒன்று மற்றதைப்போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். ஓரங்களில் எல்லாப் பக்கமும் 5 விழுக்காடு விட்டுவிடுங்கள்.

4. கையால் கெடுப்பது

டிஜிட்டல் கீறலைவிடக் காகிதக் கீறல் எப்போதும் நன்றாக இருக்கும், வேலையும் குறைவு.

படப்பெயரை ஏ4 தாளில் 20 செ.மீ. அகலத்துக்கு, வெள்ளையில் கருப்பாக, ஆறு பிரதி அச்சிடுங்கள். நான்கு மூலையிலும் சிறிய கூட்டல் குறி போடுங்கள். பிறகு பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்த அது வேண்டும். எந்த அச்சுப்பொறி என்பது முக்கியம். லேசர் அச்சில் இருப்பது உருகி ஒட்டிய டோனர் தூள். தண்ணீர் பட்டால் கரையாது, ஆனால் தாளை மடித்தால் மடிப்பில் உதிரும், பிளேடால் சுரண்டினால் செதில்செதிலாக வரும். துரு, பெயர்ந்த சுவர் போன்ற தோற்றத்துக்கு அதுதான் சரி. சாயமை உள்ள இங்க்ஜெட் அச்சு, ஈரம் பட்டால் பரவும். கசிவு, கறை வேண்டுமென்றால் அது. லேசர் தாளை நனைத்துவிட்டு ஏன் கசியவில்லை என்று காத்திருப்பதில் பயனில்லை.

ஆறு பிரதிகளையும் ஒரே பாணியில், ஆனால் கொஞ்சம் கொஞ்சம் வேறாகக் கெடுங்கள். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 20 செ.மீ. என்பது ஏறக்குறைய 4,700 பிக்சல். 4கே திரைக்கே போதும். லெவல்ஸ் (கருப்பு-வெள்ளை அளவைச் சரிசெய்யும் கருவி) கொண்டு தாளின் சாம்பல் நிறத்தைத் தூய வெள்ளையாக்கி, பிறகு நிறங்களைத் தலைகீழாக்குங்கள். இப்போது கருப்பில் வெள்ளை எழுத்து. அதை, கருப்பை மறைத்து வெளிச்சத்தை மட்டும் காட்டும் ஸ்க்ரீன் பிளெண்டில் வைக்கலாம். பின்னணி வெளிச்சமானது என்றால் லூமா மேட்டாக (வெளிச்சமான பகுதியை மட்டும் தெரியவிடும் முகமூடியாக) பயன்படுத்துங்கள்.

இந்த ஆறையும் 3 ஃப்ரேமுக்கு ஒன்றாக மாற்றினால் எழுத்து உயிரோடு துடிப்பதுபோல் இருக்கும். 1, 2, 3, 4, 5, 6 என்று வரிசையாகப் போடாதீர்கள், சுழற்சி தெரிந்துவிடும். 1, 4, 2, 6, 3, 5, 2, 4 என்று கலையுங்கள். 2 ஃப்ரேமுக்கு ஒன்று பதற்றமாகவும், 4க்கு ஒன்று சோம்பலாகவும் தெரியும்.

5. பின்னணிக் காட்சிகள்

வெறும் கருப்பே போதும் என்று தோன்றினால் கருப்பே இருக்கட்டும், அது குறையல்ல. காட்சி வேண்டுமென்றால் படத்தில் உள்ள பொருளையே எடுங்கள். மண்டையோடும் மெழுகுவத்தியும் கதையில் இல்லையென்றால் டைட்டிலில் மட்டும் எதற்கு? தாழ்ப்பாளின் துரு, திருகின் பள்ளம், கதவுக் கட்டையில் தேய்ந்த தடம் என 12 முதல் 15 ஷாட் வரை எடுத்தால் அவற்றில் 5 தேறும்.

ஒரே ஒரு விளக்கை, பரப்புக்குக் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் பக்கவாட்டில் வையுங்கள். 10 முதல் 15 டிகிரி சாய்வில் ஒவ்வொரு துருப்பொடியும் நிழல் விழுத்தும். அபெர்ச்சர் எஃப் 8, கேமரா ஸ்டாண்டில், ஒவ்வொரு ஷாட்டும் 10 நொடி, அசையாமல். எல்இடி விளக்கில் திரை பட்டை பட்டையாக அலைந்தால் மின்சாரத்தின் அலைவெண்ணோடு ஷட்டரைப் பொருத்துங்கள்: 50 ஹெர்ட்ஸ் என்றால் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. படம் இருட்டாக வேண்டும் என்பதற்காக இருட்டாகவே எடுக்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்துக் கலர் கிரேடிங்கில் இறக்குங்கள். இல்லையென்றால் நிழல் முழுக்கப் புழுதிபோல் நாய்ஸ் இருக்கும். எழுத்து அமர்வதற்குத் திரையில் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக விடுவதைப் படப்பிடிப்பிலேயே முடிவு செய்யவேண்டும்.

6. ஒட்டுவதும் அசைப்பதும்

ஸ்கேன் எழுத்தின் விளிம்பு கத்திபோல் இருக்கும். லென்ஸில் எடுத்த காட்சி அப்படி இருக்காது. எழுத்துக்கு 0.5 முதல் 0.8 பிக்சல் மங்கல் கொடுங்கள். தூய வெள்ளை வேண்டாம், 85 விழுக்காடு வெளிச்சத்தில் சற்றே மஞ்சள் கலந்த வெள்ளை போதும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே க்ரெயின் (ஃபிலிமில் தெரியும் பொடிப்புள்ளி) லேயர், 3 விழுக்காடு அளவில். க்ரெயின் எழுத்தின்மேலும் விழவேண்டும். அப்போதுதான் எழுத்தும் காட்சியும் ஒரே உலகத்தில் இருக்கும்.

அசைவில் கஞ்சத்தனம் தேவை. படப்பெயர் 5 நொடியில் 100லிருந்து 104 விழுக்காடு வரை வளரட்டும். லீனியர் கீஃப்ரேம் மட்டும், அதாவது வேகம் மாறாத அசைவு. தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தைத் தளர்த்தினால் விளம்பரப்பட நளினம் வந்துவிடும். பழைய புரொஜெக்டர்போல் ஆடவேண்டுமென்றால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் விக்கிள் எக்ஸ்பிரஷனில் (தானாக ஆட்டும் சிறு கட்டளை) நொடிக்கு 4 முறை, 2 பிக்சல். இதற்குமேல் போனால் குலுங்கும் பேருந்தில் உட்கார்ந்து படிப்பது போலாகும்.

மின்னல்போல் விட்டுவிட்டு ஒளிரும் வெட்டுகளை நொடிக்கு மூன்றுக்கு மேல் வைக்கவே கூடாது. ஒளிக்கு வலிப்பு வரக்கூடியவர்கள் அரங்கில் இருக்கலாம். அடர் சிவப்பு மின்னல் அவர்களுக்கு இன்னும் ஆபத்து.

சிவப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஹெச்டி வீடியோவுக்கான ரெக்.709 என்ற நிறத் தரநிலையின் கணக்கில் தூய சிவப்பின் ஒளிர்வு வெள்ளையின் 21 விழுக்காடுதான். அதோடு, இணையத்துக்குப் போகும் ஹெச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை) கோப்புகள் வழக்கமாக 4:2:0 முறையில் நிறத் தகவலை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்தே சேமிக்கின்றன. வெள்ளை எழுத்தின் வடிவம் ஒளிர்வுத் தகவலில் இருப்பதால் தப்பிக்கிறது. கருப்பின்மேல் சிவப்பு எழுத்தின் வடிவம் பெரும்பாலும் நிறத் தகவலை நம்பியிருப்பதால் விளிம்பு படிக்கட்டாக உடைகிறது. எடிட்டிங் திரையில் கூர்மையாக இருந்த சிவப்புப் பெயர் பதிவேற்றியதும் பிசுபிசுப்பதற்குக் காரணம் இதுதான். சிவப்பு வேண்டுமென்றால் படப்பெயருக்கு மட்டும், தடித்த எழுத்தில், செங்கல் நிறம் நோக்கிச் சற்று வெளிறச் செய்து போடுங்கள். பெயர்கள் வெள்ளையாகவே இருக்கட்டும்.

7. ஒலி

40 ஹெர்ட்ஸ் உறுமல் ஹெட்போனில் வயிற்றைக் கலக்கும். கைபேசி ஒலிபெருக்கியில் அது இல்லவே இல்லை. அதன்மேல் லேசான சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே சிதைக்கும் எஃபெக்ட்) சேர்த்து 150 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை கிளை அதிர்வுகளை உண்டாக்கினால் சிறு ஒலிபெருக்கியிலும் அதன் இருப்பு தெரியும்.

தாழ்ப்பாளின் சத்தத்தை 30 செ.மீ. தொலைவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவுசெய்யுங்கள். ஒரு பிரதியை 12 செமிடோன் இறக்குங்கள். இன்னொன்றைத் தலைகீழாக்கி, ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போட்டு, ரெண்டர் செய்து, மறுபடி நேராக்குங்கள். சத்தம் வருவதற்கு முன்பே அதன் எதிரொலி உறிஞ்சிக்கொண்டு வரும். அடசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளிலேயே இதைச் செய்யலாம்.

படப்பெயர் விழும் ஃப்ரேமில் பெரிய அடி ஒன்றைப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். மாற்றி முயலுங்கள்: ஒலி ஏறிக்கொண்டே வந்து, பெயருக்கு 15 ஃப்ரேம் முன்னால் சட்டென்று நின்றுவிடட்டும். பெயர் முழு அமைதியில் வரட்டும். இதற்கு ஒரு நிபந்தனை: அமைதிக்கு முந்தைய ஒலி நல்ல சத்தத்தில் இருக்கவேண்டும். முழு டைட்டிலும் ஒரே மட்டத்தில் முனகிக்கொண்டிருந்தால் நிறுத்தியது யாருக்கும் தெரியாது. உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. சோதனையும் ஏற்றுமதியும்

குழுவில் இல்லாத ஒருவரிடம் கைபேசியில், வெளிச்சமான அறையில் காட்டி, பெயர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே திக்குகிறாரோ அந்தக் கார்டுக்கு 12 ஃப்ரேம் கூட்டுங்கள். பிறகு புரொஜெக்டரில் போட்டுப் பாருங்கள். புரொஜெக்டரின் கருப்பு உண்மையில் சாம்பல்தான். இருளில் ஒளித்து வைத்த துரு அங்கே முழுதாக மறைந்திருக்கலாம்.

இருண்ட காட்சியில் வட்டவட்டமாகப் பட்டை தெரிந்தால் அது 8 பிட்டின் வேலை. 10 பிட்டில் வேலை செய்து, க்ரெயினைக் குறைக்காமல் விடுங்கள்; க்ரெயின் பட்டையை உடைக்கும். கருப்பு முழுக்க வெளுத்துப்போனால் வீடியோ ரேஞ்ச் அமைப்பைப் பாருங்கள்: ஒரு மென்பொருள் 16 முதல் 235 வரை என்றும் இன்னொன்று 0 முதல் 255 வரை என்றும் படித்திருக்கும். டைட்டிலைத் தனியாக ரெண்டர் செய்து படத்தின்மேல் வைக்கும்போது எழுத்தைச் சுற்றிக் கருப்பு ஓரம் வந்தால், மென்பொருள் ஆல்ஃபாவை (எந்த இடம் எவ்வளவு ஊடுதெரியும் என்ற தகவலை) ஸ்ட்ரெய்ட், ப்ரீமல்டிப்ளைட் என்ற இரு வகையில் தவறான ஒன்றாகப் படித்திருக்கிறது. இறக்குமதி அமைப்பில் மாற்றினால் போய்விடும்.

மூலப்பிரதி, எடிட்டிங்குக்கான உயர்தரக் கோப்பு வகைகளான ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூஎக்ஸ். ஆல்ஃபாவுடன் வேண்டுமென்றால் ப்ரோரெஸ் 4444. இணையத்துக்கு ஹெச்.264, 1080-க்கு நொடிக்கு 20 முதல் 30 மெகாபிட். க்ரெயின் அதிகம் என்றால் இதற்குக் கீழே போகாதீர்கள்.

இன்னொரு கோப்பும் எடுத்து வையுங்கள்: எழுத்தே இல்லாத, பின்னணியும் ஒலியும் மட்டுமுள்ள பிரதி. வேறு மொழியில் டைட்டில் கேட்டாலோ, யாராவது ஒருவர் பெயரை மாற்றச் சொன்னாலோ அந்தக் கார்டை மட்டும் இதன்மேல் புதிதாக வைத்தால் போதும். மொத்தத்தையும் மறுபடி ரெண்டர் செய்யவேண்டியிருக்காது. எழுத்துருக் கோப்பு, அதன் உரிமம், ஆறு ஸ்கேன்கள், பெயர்ப் பட்டியல் ஆகியவையும் அதே ஃபோல்டரில் இருக்கட்டும்.